நேராக விழும் துணி

மைதானத்துக் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற காஜாக்காவுக்குத் தன் மகளை அடையாளம் தெரியவில்லை.

சிட்டு தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டாள். வெயில் வேறு கொளுத்தியது. கையிலிருந்த சட்டையைப் பாதியில் போட்டுவிட்டு, விரலில் ஒட்டிய நூலோடு ஓடி வந்திருந்தாள் காஜாக்கா. கணவனின் தையற்கடையில் சட்டைகளுக்குப் பொத்தான் துளை தைப்பது, அதாவது காஜா எடுப்பது, அவள் வேலை. அதனால் தெருவுக்கே அவள் காஜாக்கா. அவள் கணவன் மாஸ்டர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இருவருமே திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

உள்ளே உடற்பயிற்சி ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. வரிசை வரிசையாகப் பெண்கள். எல்லோருக்கும் பள்ளியே வாங்கிக் கொடுத்த ஒரே மாதிரி அரைக்கால் டவுசர். கடைசி வரிசை ஓரத்தில் ஒரு பெண் நின்றாள். பாதங்கள் இரண்டும் ஒட்டியிருந்தன, முட்டிகள் ஒட்டவில்லை. நடுவில் ஒரு பந்து தாராளமாக உருண்டு போகும். முட்டிக்குக் கீழே எலும்பு வெளிப்பக்கமாகப் பிதுங்கி, மறுபடி உள்ளே வந்து பாதத்தைத் தொட்டது.

'ஐயோ, யார் பெத்த பிள்ளையோ' என்று உச்சுக்கொட்டினாள் காஜாக்கா.

விசில் ஊதினார்கள். வரிசை திரும்பியது. அந்தப் பெண்ணும் திரும்பினாள்.

சிட்டு.

பாட்டில் கையிலிருந்து நழுவி வேலி ஓரம் உருண்டது. அதை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. முன் வரிசையிலிருந்து ஒரு பெண் கத்தினாள்: "ஏய், அடைப்புக்குறி நகர்ந்து நிக்குது பாருங்கடி! உள்ள ஏதாச்சும் எழுதுங்க!"

கணக்கு வகுப்பில் பிறந்த பெயர் போலிருக்கிறது. வரிசையே சிரித்தது. சிட்டுவும் சிரித்தாள். அதுதான் காஜாக்காவுக்குத் தாங்கவில்லை. ரொம்ப நாள் பழகிய சிரிப்பு அது.

பெற்றவளுக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்கலாம். தெரியாமல் இல்லை. சின்ன வயதிலேயே கால் வளைவு கண்ணில் பட்டது. நாலு வருடம் முன்பு தெருமுனை டாக்டரிடம் காட்டி, சொட்டு மருந்து கொடுத்து, தினமும் மொட்டைமாடி வெயிலில் நிறுத்தி வைத்தார்கள். அப்புறம் மாஸ்டர் பேண்ட் தைக்க ஆரம்பித்தான்.

சாதாரண பேண்ட் இல்லை. முட்டிக்குக் கீழே உள்பக்கத் தையலோடு விறைப்பான துணிப்பட்டை ஒன்றை ஒளித்து வைப்பான். வெளிப்பக்கம் கொஞ்சம் தாராளமாக விடுவான். உள்ளே கால் எந்தப் பக்கம் போனாலும் துணி நேராக விழும். பள்ளிச் சீருடை, வீட்டில் போடுவது, படுக்கும்போது போடுவது எல்லாமே அந்த வெட்டுதான். வயது வந்த பெண் கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கிறாள், கதவைச் சாத்திக்கொண்டு உடுத்துகிறாள். துணி நேராக விழுந்தது. சரியாகிக்கொண்டிருக்கிறது என்று அம்மா நம்பினாள்.

அன்று கடைக்குள் நுழைந்தபோது மாஸ்டர் வெட்டு மேசைக்குப் பின்னால் நின்று சாக்குக்கட்டியால் கோடு இழுத்துக்கொண்டிருந்தான்.

"நம்ம சிட்டு காலைப் பார்த்தீங்களா?"

"ஏன், என்னவாம்?"

"வளைஞ்சு கெடக்குங்க. வில்லு மாதிரி. நான் யாரோன்னு நெனச்சேன்."

கோடு ஒரு நொடி நின்றது. "வளர்ற பிள்ளை. சரியாயிடும்."

"பதிமூணு முடிஞ்சிடுச்சு. இன்னும் எப்ப வளர்ந்து, எப்ப சரியாக?"

கடைக்குப் பின்னால்தான் வீடு. உள்ளேயிருந்து மாஸ்டரின் அக்கா குரல் கொடுத்தாள். வீட்டிலிருக்கும் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்தவள், வந்த வேலையோடு குறை சொல்வதையும் சேர்த்துச் செய்வாள்.

"நான் அன்னிக்கே சொன்னேன். பொம்பளைப் பிள்ளையை இடுப்புல காலை விரிச்சு உக்கார வச்சுட்டே திரிஞ்சா வேற எப்படி இருக்கும்? பச்சை எலும்பு. வச்ச பக்கம் வளையும். கேட்டாத்தானே? எனக்கு வாய் வலிக்குதே தவிர யாருக்கு உறைக்குது?"

"வாய்க்குக் கொஞ்சம் ஓய்வு குடுங்க அண்ணி. வலி போயிடும்," என்றாள் காஜாக்கா. ஆனால் அந்தக் குற்றச்சாட்டு உள்ளே போய்த் தைக்காமல் இருந்ததில்லை. பல வருடம் கழித்து, போன வருடம் பிறந்த இரண்டாவது பெண்ணை, பொடிசை, அவள் ஒரு நாளும் இடுப்பில் வைத்ததில்லை. தோளில்தான். கை கழன்று போகிற மாதிரி வலித்தாலும் தோளில்தான்.

சாயங்காலம் சிட்டு வந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"வேலி கிட்ட நீதான் நின்னியா? பாட்டிலைப் பார்த்ததும் நெனச்சேன்."

"வலிக்குதாடி?"

"மாடிப்படி ஏறினா வலிக்கும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா மறுபடி வெயில்ல நிறுத்துவே."

காஜாக்கா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாம். ஆபரேஷன் பண்ணியாவது நேராக்கிடுவாங்க."

சிட்டு விலகி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கண்ணில் ஒரு வெளிச்சம். "லீவுலயே பண்ணிடலாமாம்மா? லீவு முடிஞ்சா புது ஸ்கூல்ல சேர்க்கறதா சொல்லியிருக்கீங்கல்ல. அங்க யாருக்கும் என்னைத் தெரியாது. நேரான காலோட போனா, நான் எப்பவுமே இப்படித்தான்னு நெனச்சுப்பாங்கல்ல?"

"நெனச்சுப்பாங்க," என்றாள் அம்மா.

மாஸ்டர் வெட்டிய துணியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு முதல் தடவை அம்மாவும் மகளும் மட்டும் போனார்கள். கடையில் அவசர டெலிவரி என்று மாஸ்டர் நழுவிவிட்டான். எலும்பு டாக்டர் ஒரு பெண். நரைத்த தலை, வேகமான பேச்சு. படம் எடுத்தார்கள், ரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள். "அடுத்த தடவை அப்பா கண்டிப்பா வரணும். அவர் வராம நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

அந்த அடுத்த தடவைதான் இது. சிட்டுவுக்கு ஆபரேஷன் தேதி வாங்கப் போகிறோம் என்ற நினைப்பு. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, புது ஸ்கூலுக்கு எந்த நிற ரிப்பன் கட்டலாம் என்று அம்மாவிடம் பேசிக்கொண்டே வந்தாள். மாஸ்டர் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தான். கத்தி மாதிரி மடிப்பு வைத்த சாம்பல் நிறப் பேண்ட்.

காஜாக்கா அவனை முதன்முதலாகப் பார்த்ததும் அப்படி ஒரு பேண்ட்டில்தான். ஒரு பெரிய தையல் கம்பெனியில் அவன் துணி வெட்டுகிறவன். இவள் காஜாப் பிரிவில் புதுசு. நெஞ்சு உயர மேசைக்குப் பின்னால் அவன் நிற்க, அந்தப் பக்கமிருந்து இவள் சட்டை வாங்கிப் போவாள். கல்யாணம் முடிந்த பிறகுதான் அவன் காலைப் பார்த்தாள். "சின்ன வயசுலேர்ந்து மெஷின் மிதிச்சு மிதிச்சு இப்படி ஆயிடுச்சு. எங்க தொழில்ல எல்லாருக்கும் வரும்," என்றான் அவன். அவளுக்கு இரக்கம் பொங்கியது. எத்தனையோ நாள் அந்த முட்டிகளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டிருக்கிறாள். உழைத்த கால் என்று உள்ளுக்குள் பெருமைகூட.

டாக்டரம்மா மேசை விளக்குக்கு முன்னால் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். மூவரும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"பிறக்கும்போது எல்லாக் குழந்தைக்கும் கால் கொஞ்சம் வளைஞ்சுதான் இருக்கும்மா. வயித்துக்குள்ள மடங்கிக் கெடந்ததுதானே? ரெண்டு வயசு வாக்குல தானா நேராயிடும். மூணு வயசு தாண்டியும் நேராகலன்னா, போகப் போகக் கூடுதுன்னா, அப்ப சும்மா இருக்கக் கூடாது."

"இடுப்புல தூக்கி வச்சது என் தப்புதான் டாக்டர்," என்றாள் காஜாக்கா. "எல்லாரும் சொன்னாங்க. நான்தான் கேக்கல."

"யாரு சொன்னா? இடுப்புல தூக்கினா கால் வளையாது. சீக்கிரம் நடக்க விட்டாலும் வளையாது. எண்ணெய் போட்டு நீவினா நிமிரவும் நிமிராது. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

இத்தனை வருடமாகக் காஜாக்காவின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று, ஒரே வாக்கியத்தில் இறங்கிப் போனது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அந்த நிம்மதி நாலு நிமிடம்கூட நிற்கவில்லை.

"உங்க தெரு டாக்டர் இதை வைட்டமின் குறைன்னு நெனச்சிருக்காரு. நிறையப் பிள்ளைங்களுக்கு அதுதான் காரணம். வெயிலும் சொட்டு மருந்தும் குடுத்தா எலும்பு தேறிடும். இவளுக்கு வைட்டமின் சரியாத்தான் இருக்கு. பாஸ்பேட்னு ஒரு உப்பு. எலும்பைக் கெட்டியாக்கறது அது. இவ உடம்பு அதைத் தங்க விடாம சிறுநீர்ல கொட்டிடுது. எலும்பு மெத்துனு இருக்கு. நடக்க நடக்க, உடம்போட பாரத்துல வளையுது." டாக்டரம்மா பேனாவை மூடினார். "இது பெரும்பாலும் குடும்பத்துல வர்றது. உங்க ரெண்டு பேர் பக்கத்துல யாருக்காவது இந்த மாதிரி கால் உண்டா?"

"யாருக்கும் இல்ல," என்றான் மாஸ்டர்.

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. தெருமுனை டாக்டர் கேட்டபோதும் இப்படித்தான், அதே வேகத்தில் சொன்னான் என்பது காஜாக்காவுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்று அவளும் தலையாட்டியிருந்தாள். மெஷின் மிதித்து வளைந்த காலை யார் குடும்ப வியாதியில் சேர்ப்பார்கள்?

டாக்டரம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க முன் பல்லு எப்ப போச்சு?"

"சின்ன வயசுலயே. சீழ் வச்சு விழுந்துடுச்சு."

"கொஞ்சம் எழுந்து கதவு வரைக்கும் நடந்துட்டு வாங்க."

"நான் எதுக்கு டாக்டர்? பிள்ளைக்குத்தான்…"

"சும்மா நடங்க."

மாஸ்டர் மேசையில் கை ஊன்றி எழுந்தான். நடந்தான். மடிப்பு கலையாமல் பேண்ட் நேராகத்தான் விழுந்தது. ஆனால் தோள் இரண்டும் படகு மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தன.

"பேண்ட் அருமையா இருக்கு. யாரு தைச்சது?"

"நான்தான்."

"அதான் பார்த்தேன். மடிச்சு விடுங்க."

அவன் பேண்ட்டின் மடிப்பைக் கையால் நீவிவிட்டுக்கொண்டான்.

"அது மெஷின் மிதிச்சு வந்தது டாக்டர்," என்று காஜாக்கா குறுக்கே வந்தாள். கணவனைக் காப்பாற்றுகிற அவசரம். "டைலருங்களுக்கு வர்றதுதான்."

"எந்த மெஷினும் எலும்பை வளைக்காதும்மா, பல்லுல சீழ் வைக்கவும் வைக்காது." டாக்டரம்மாவின் குரல் இப்போது மெதுவாக இருந்தது. "மெஷின்ல எந்த வயசுல உக்காந்தீங்க?"

"சிட்டு வயசுல."

"அதுக்கு முன்னாடி கால் நேரா இருந்துச்சா?"

மாஸ்டர் குனிந்தான். ஒரு காலை மடித்து விட்டான். பிறகு மறு காலை. ஒரு வாடிக்கையாளருக்கு அளவு பார்க்கிற மாதிரி, இரண்டும் சமமாக இருக்கும்படி ஒழுங்காக மடித்தான்.

"நடக்க ஆரம்பிச்சதுலேர்ந்தே இப்படித்தான்," என்றான். "எங்க அம்மாவுக்கும் இப்படித்தான்." கல்யாணத்துக்கு முன்பே இறந்துபோன அந்த மாமியாரைக் காஜாக்கா பார்த்ததில்லை.

சிட்டு அப்பாவின் காலை அதுவரை பார்த்ததே இல்லை. வீட்டிலும் முழுப் பேண்ட்தான் போடுவான். தூங்கும்போதும் போர்வையை இழுத்துவிட்டுக்கொள்வான். இப்போது நாற்காலி விளிம்புக்கு நகர்ந்து வந்து உற்றுப் பார்த்தாள். அதே பிதுக்கம். அதே இடத்தில் உள்ளே திரும்புகிற எலும்பு.

கத்துவாள், அழுவாள் என்று காஜாக்கா பயந்தாள். சிட்டு கேட்டது வேறு.

"அப்பா, உங்களுக்கும் வலிக்குமா?"

அவன் தலையசைத்தான்.

"எங்க?"

"முட்டியில. இடுப்புல. காலையில எழுந்திருக்கறப்ப ரொம்ப."

"எனக்கும் காலையிலதான்," என்றாள் சிட்டு. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் ஒருத்திதான் இப்படின்னு நெனச்சுட்டு இருந்தேன்," என்றாள். அதில் கோபமே இல்லை. ஊரில் தெரிந்தவர் யாரையோ வழியில் பார்த்துவிட்ட மாதிரி சொன்னாள். மாஸ்டர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"வேற பிள்ளைங்க இருக்காங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"ஒரு பொண்ணு. பொடிசு. இப்பத்தான் பிடிச்சுட்டு நிக்குது."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இந்த வகை வியாதி அப்பாவுக்கு இருந்தா, அவருக்குப் பிறக்கற ஒவ்வொரு பொண்ணுக்கும் வரும். பையன்களுக்கு வராது. நாளைக்கே குழந்தையைக் கூட்டிட்டு வாங்க. சின்ன வயசுலயே மருந்து ஆரம்பிச்சா நிறையத் தடுக்கலாம்."

ஒவ்வொரு பெண்ணுக்கும். காஜாக்காவுக்கு அந்த வார்த்தைக்கு மேல் எதுவும் காதில் ஏறவில்லை. சிட்டுவின் குரல்தான் அவளை இழுத்து வந்தது.

"டாக்டர், எனக்கு ஆபரேஷன் எப்போ? லீவுல பண்ணிடலாமா?"

"இங்க வா கண்ணு." டாக்டரம்மா அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "வளர்ற வயசுன்னா முட்டி ஓரத்துல சின்னத் தகடு வச்சு, எலும்பை அதோட போக்குலயே நிமிர்த்தலாம். உன் படத்துல அந்த வளர்ற இடம் அநேகமா மூடிடுச்சு. இனி எலும்பை வெட்டித்தான் நேராக்கணும். மெத்துனு இருக்கற எலும்பை இப்ப வெட்டினா ஒட்டாது. மொதல்ல மருந்து. ஒரு வருஷம், அதுக்கு மேலயும் ஆகலாம். எலும்பு தேறினாத்தான் கத்தியை எடுப்பேன். அப்பவும் மறுபடி வளையாதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. வலி குறையும். அது நிச்சயம்."

"நாலு வருஷம் முன்னாடியே வந்திருந்தா?" என்றாள் காஜாக்கா.

டாக்டரம்மா மருந்து எழுதத் தொடங்கினார். "அதை இப்ப கேக்காதீங்கம்மா."

அதுவே பதில்.

வெளியே நீள வராந்தா. சிட்டு தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனாள். பெஞ்சில் கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. மாஸ்டரின் பேண்ட் மறுபடி கீழே இறங்கியிருந்தது.

"எனக்குச் சொல்லாதது போகட்டும்," என்றாள் காஜாக்கா. "அன்னிக்கு அந்தத் தெரு டாக்டர்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? அவர் கேட்டாரே. வாயைத் திறந்து கேட்டாரே!"

மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நீ பக்கத்துல உக்காந்திருந்தே."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். முதலில் புரியவில்லை. புரிந்தபோது, திட்ட வாயெடுத்தவள் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டாள். மெஷின் மிதித்த கால் என்று நம்பி எண்ணெய் தேய்த்துவிடுகிற பெண்டாட்டியின் முன்னால், அந்தக் கதை உடைந்துவிடக் கூடாது என்று ஒரு மனுஷன் தன் மகளின் காலைக் கொடுத்திருக்கிறான். பேண்ட்டுக்குள் அதை மூடியும் வைத்திருக்கிறான்.

"இவ்வளவு ஆகும்னு எனக்குத் தெரியாது," என்றான். "நான் எப்படியோ ஓட்டிட்டேன்ல? அவளும் ஓட்டிடுவான்னு நெனச்சேன். துணி ஒழுங்கா விழுந்தாப் போதும்னு…"

"பேசாதீங்க."

பஸ்ஸில் அவன் பின் சீட்டில் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டான். சிட்டு இந்தத் தடவை ஜன்னலோரம் உட்கார்ந்தும் வெளியே பார்க்கவில்லை. மடியிலிருந்த மருந்துப் பையின் முடிச்சை அவிழ்ப்பதும் போடுவதுமாக வந்தாள்.

வீட்டில் அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "என்னடி ஆச்சு? தேதி குடுத்தாங்களா? முகத்தைப் பார்த்தா சண்டை போட்டுட்டு வந்த மாதிரி இருக்கு?"

காஜாக்கா அவள் கையிலிருந்து பொடிசை வாங்கினாள். வாங்கி, நிதானமாக, இடுப்பில் வைத்தாள்.

"ஏய், இடுப்புல வைக்காதேன்னு எத்தனை வாட்டி…"

"உங்க அம்மா கால் எப்படி இருக்கும் அண்ணி?"

அக்காவின் வாய் அப்படியே நின்றது. அந்த வாய் நின்று அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. தம்பியைப் பார்த்தாள். அவன் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்தே இருந்தான்.

"தெரிஞ்சே என்னைச் சொன்னீங்க," என்றாள் காஜாக்கா. "என் இடுப்புதான் காரணம்னு பிள்ளை காதுலயே விழற மாதிரி சொன்னீங்க."

"நான் என்னடி பண்ணட்டும்? அவன் வாழ்க்கைன்னு ஒண்ணு இருக்குல்ல?" அக்காவின் குரல் இறங்கியது. "உண்மையைச் சொல்லியிருந்தா நீ இவனைக் கட்டியிருப்பியா?"

"கட்டியிருப்பேன் அண்ணி." காஜாக்காவின் கண் நிறைந்தது. "அதுதான் வயிறு எரியுது."

அக்கா அதற்கு மேல் நிற்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்னாலேயே தன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

மறுநாள் பொடிசுக்கும் ரத்தம் எடுத்தார்கள். அந்தச் சின்னக் கையில் ஊசி நரம்பைத் தேட, அது கதறியது. முடிவு வரும்வரை காஜாக்கா ஒரு காஜாகூட ஒழுங்காக எடுக்கவில்லை. எடுத்ததையெல்லாம் மாஸ்டர் சத்தமில்லாமல் பிரித்து மறுபடி தைத்து வைத்தான். டாக்டரம்மா கடைக்கே போன் செய்து சொன்னார். மாஸ்டர்தான் எடுத்தான். "சரிங்க… சரிங்க…" என்றான். போனை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தான். அவள் பொடிசை வாரி எடுத்துக்கொண்டாள்.

ஆக, மருந்து இருவருக்கும். ஒரு நாளைக்கு ஐந்து வேளை தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். பொடிசின் முடிவு வரட்டும் என்று பிரிக்காமல் வைத்திருந்த பையிலிருந்து முதல் வேளை மருந்தை அன்று சாயங்காலம் கரைத்தாள் காஜாக்கா. பொடிசுக்கு ஸ்பூனில், சிட்டுவுக்கு டம்ளரில். உப்பும் புளிப்புமாக ஒரு வாடை அடித்தது. வயிற்றைக் கலக்கும், பழகப் பழகச் சரியாகும் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார்.

சிட்டு டம்ளரை வாங்கி மோந்து பார்த்து முகம் சுளித்தாள். வாய் வரை கொண்டுபோய் நிறுத்தினாள்.

"அம்மா, நான் ஒரு வேளைகூட விடாம குடிக்கறேன். கஷ்டமா இருந்தாலும் குடிக்கறேன். புது ஸ்கூல் தொடங்கறதுக்குள்ள கொஞ்சமாவது நேராயிடுமா? கொஞ்சம் போதும். முட்டி ரெண்டும் கிட்ட வந்தாப் போதும்."

காஜாக்காவின் வாயில் பதில் தயாராக இருந்தது. 'ஆகும்டி ராசாத்தி' என்று சொல்ல நாக்கு புரண்டுவிட்டது. இந்த ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் இன்றைக்கு இந்த டம்ளர் காலியாகிவிடும். பிள்ளை நிம்மதியாகத் தூங்கும். அவள் மூச்சை இழுத்தாள்.

"ஆகாதும்மா," என்றான் மாஸ்டர்.

இருவரும் திரும்பினார்கள். அவன் கடைக்கும் வீட்டுக்கும் நடுவிலிருக்கிற வாசலில் நின்றிருந்தான். அளவு நாடா கழுத்தில் தொங்கியது.

"புது ஸ்கூலுக்குள்ள ஆகாது. அதுக்கப்புறமும் முழுசா ஆகுமான்னு தெரியல. மருந்து வலிக்குத்தான். எலும்புக்குத்தான். நான் அன்னிக்கே வாயைத் திறந்திருந்தா ஆகியிருக்கும்."

"இப்பதான் உண்மை பேசறதுக்கு நேரம் பார்த்தீங்களா?" என்று காஜாக்கா சீறினாள். "குடிச்சு முடிக்கட்டும்னு இருக்கக் கூடாதா? அது என்ன, பேச வேண்டிய அன்னிக்கு ஊமை, பேசக் கூடாத அன்னிக்கு…"

அவன் சொன்னதில் தப்பில்லை. அதுதான் கொடுமையாக இருந்தது.

சிட்டு டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்.

"அப்ப புது ஸ்கூல் வேணாம். இதே ஸ்கூல்லயே இருக்கேன்."

"ஏன்டி?"

"இங்க எல்லாரும் சிரிச்சு முடிச்சுட்டாங்கம்மா. அங்க போனா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிப்பாங்க."

டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு உள் அறைக்குப் போனாள். கதவைச் சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது.

மாஸ்டர் கதவு வரை போனான். தட்டுவதற்குக் கையைத் தூக்கினான். கடையில் யாரோ வாடிக்கையாளர், "மாஸ்டர், ட்ரையல் பார்க்கணும், எவ்வளவு நேரமா நிக்கறது?" என்று கத்தினார். அவன் கையை இறக்கிக்கொண்டு கடைக்குப் போனான்.

காஜாக்கா பொடிசை மடியில் போட்டு, ஸ்பூனை அதன் வாயில் வைத்தாள். அது ஒரு வாய் வாங்கியது. முகம் கோணியது. மொத்தத்தையும் அவள் மேலேயே துப்பிவிட்டு, கால்களை உதைத்துக்கொண்டு அலறியது. அவள் புடவைத் தலைப்பால் அதன் வாயைத் துடைத்தாள். மறுபடி கரைக்கத் தண்ணீர் எடுத்தாள்.